பெரும்போகம் எப்படிப் போகிறது? மழைக்கணக்கைப் பயிரின் வயதோடு வாசித்தல்

கேள்வி இதுதான். கேட்டவருக்குக் கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது. தம்பி செய்கிறார், இவர் வெளிநாட்டில். "வளிமண்டலவியல் திணைக்களம் சராசரிக்கு மேல் மழை என்கிறது. தம்பியைக் கேட்டால் பயிர் வாடுகிறது என்கிறான். செய்மதி வரைபடத்தைத் திறந்தால் மாவட்டம் முழுவதும் பச்சையாக இருக்கிறது. யாரை நம்புவது? இலங்கையில் ஒரு போகம் எப்படிப் போகிறது என்பதைத் தூரத்திலிருந்து அறிய எதையெதைப் பார்க்க வேண்டும்?"

மூன்று பேரும் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும். திணைக்களம் சொல்வது மூன்று மாத மழையின் கூட்டுத்தொகை. தம்பி சொல்வது இந்த வாரம் மண்ணில் இருக்கும் ஈரம். செய்மதி சொல்வது பல ஏக்கரைச் சேர்த்து எடுத்த சராசரிப் பச்சை. இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டுமானால் பயிரின் வயது தெரிந்திருக்க வேண்டும். விதைத்து எத்தனை நாள் என்பது தெரியாமல் எந்த மழைக்கணக்கை வாசித்தாலும் பயனில்லை. 20 நாள் பயிருக்கு உயிர் கொடுக்கும் மழை, 100 நாள் பயிரைச் சாய்த்துவிடும். கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

முதலில் மழை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டிப் பெய்கிறது. மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் 1,000 மில்லிமீற்றரை ஒட்டியே நின்றுவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, மலையின் மேற்குப் பக்கத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வடக்கும் கிழக்குமான நம் பக்கம் வறண்ட காற்றாக வந்து சேர்கிறது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பதும் மட்டக்களப்பார் கச்சான் என்பதும் அந்தக் காலத்துக் காற்றுகளைத்தான். ஆகவே ஜூன் மாதத்தில் கொழும்பில் வெள்ளம் என்ற செய்தியைக் கேட்டு வன்னிக் குளங்கள் நிரம்பும் என்று எண்ணிவிடக் கூடாது. மகாவலி நீர் போய்ச் சேரும் இடங்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. 1976-இல் பொல்கொல்லையில் ஆற்றை வடக்கே திருப்பியதிலிருந்து, கண்டி மலைகளில் பெய்யும் தென்மேல் பருவமழை அநுராதபுர மாவட்டத்தில் வறண்ட மாதங்களில் செய்யும் சிறுபோகத்துக்கும் உதவுகிறது. கிளிநொச்சிக்கு அந்தத் துணை கிடையாது.

நமக்கு மழைக்காலம் ஒக்டோபரில் தொடங்குகிறது. அந்த மழையை நம்பிச் செய்வதுதான் பெரும்போகம். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்கள். பிற்பகலில் இடியோடு வரும் மழையும், வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும்தான் அப்போது தண்ணீர் தருகின்றன. டிசம்பரில்தான் வடகீழ்ப் பருவக்காற்று நிலைகொள்கிறது. இடிமழை ஊருக்கு ஊர் மாறும். மாங்குளத்தில் வெள்ளம் ஓடும்போது பரந்தனில் தூசி பறக்கும். தாழமுக்கம் வந்தாலோ மாவட்டம் முழுவதும் நனையும், சில வேளை ஒரு மாதத்து மழை இரண்டே நாளில் கொட்டித் தீரும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக வெளியிட்டால் அந்த எண் வயலைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும்.

இதை ஒரு வயலில் வைத்துப் பாருங்கள். மேட்டுப் பக்கத்தில், மழையை மட்டுமே நம்பும் மானாவாரிக் காணி. செப்டெம்பர் கடைசியில் உழுது, ஒக்டோபர் தொடக்கத்தில் புழுதி விதைப்பு முடிந்துவிட்டது. விதை காய்ந்த மண்ணில் மழைக்காகக் காத்துக் கிடக்கிறது. முதல் மழை 40 மில்லிமீற்றர் பெய்கிறது. நான்கைந்து நாளில் முளை வெளியே வருகிறது. அதன் பிறகு இரண்டு கிழமை மழையே இல்லை. மேல்மண் இறுகிப் பொருக்குத் தட்டுகிறது. முளையின் வேர் இன்னும் சில அங்குலம்கூட இறங்கவில்லை. காலையில் நிமிர்ந்து நிற்கும் பயிர் பத்து மணிக்கே இலையைச் சுருட்டிக்கொள்கிறது. பிறகு நுனி காய்கிறது. பிறகு வயலில் திட்டுத் திட்டாக வெறுமை தெரிகிறது. ஒக்டோபர் இறுதியில் ஒரு தாழமுக்கம் வந்து இரண்டு நாளில் 200 மில்லிமீற்றர் கொட்டுகிறது. மாதக் கணக்கில் அது "சராசரிக்கு மேல்". குளத்துக்கு அது நல்ல மாதம்தான். ஆனால் அந்தக் காணிக்காரர் மீண்டும் விதைநெல் தேட வேண்டும், மீண்டும் உழவுக்கூலி கொடுக்க வேண்டும். அவருடைய பயிர் இனி மூன்று கிழமை பிந்திய பயிர்.

எனவே மாத மொத்தத்தை விட்டுவிட்டு, நாளாந்த மழையைக் கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியது மழை பெய்த நாளைவிட, பெய்யாத நாட்களின் தொடர்ச்சி. ஒரு சிறு விபரத்தையும் நினைவில் வையுங்கள். இலங்கையில் நாளாந்த மழையளவு காலை 8.30 மணிக்கு, அதற்கு முந்திய 24 மணித்தியாலத்துக்கு எடுக்கப்படுகிறது. 12ஆம் திகதி அறிக்கையில் வரும் மழை பெரும்பாலும் 11ஆம் திகதி பிற்பகலிலும் இரவிலும் பெய்தது. தம்பி சொல்லும் நாளும் அறிக்கையின் நாளும் பொருந்தவில்லை என்று குழம்புகிறவர்கள் பலர். காரணம் பெரும்பாலும் இதுதான். முடிந்தால் வயலருகில் ஒரு மழைமானியை வைக்கச் சொல்லுங்கள். செலவு சிறிது. இடிமழைக் காலத்தில் 10 கிலோமீற்றர் தள்ளியுள்ள நிலையத்தின் அளவைக் கொண்டு உங்கள் வயலைத் தீர்மானிக்க முடியாது.

பருவத்துக்கு முன்பே வரும் எதிர்வுகூறலைப் பற்றி. தெற்காசிய நாடுகளின் வானிலைத் துறையினர் ஒன்றுகூடி வெளியிடும் பருவ எதிர்வுகூறலும், நம் திணைக்களத்தின் மூன்று மாத எதிர்வுகூறலும் நிகழ்தகவுகளே. "சராசரிக்கு மேல் மழை பெய்ய 45 வீத வாய்ப்பு" என்று எழுதியிருந்தால், சராசரியாகவோ அதற்குக் குறைவாகவோ பெய்ய 55 வீத வாய்ப்பு இருக்கிறது என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. செய்தியாக வரும்போது அந்த 55 காணாமல் போய்விடுகிறது. "இம்முறை கனமழை" என்று தலைப்பு வந்துவிடுகிறது. அதை நம்பி விதைப்பை முன்னே இழுத்தவர்கள் நட்டப்பட்டால், அடுத்த ஆண்டு நல்ல எதிர்வுகூறலையும் நம்பமாட்டார்கள். எனக்கு இதில்தான் உண்மையான கவலை.

ஆனாலும் அந்த எதிர்வுகூறலுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பசிபிக் கடலில் எல் நினோ இருந்தால் வறட்சி என்று பலர் பொதுவாகச் சொல்வார்கள். நமக்கு அது அப்படியே பொருந்தாது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையை எல் நினோ பொதுவாகக் கூட்டுகிறது. லா நினா குறைக்கிறது. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் இருக்கும் ஆண்டுகளிலும் நமக்கு மழை கூடும். மாறி இருந்தால் குறையும். 2016-இல் அது கடுமையாக மாறி இருந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் மழை பொய்த்தது, குளங்கள் நிரம்பவில்லை. 2016/17 பெரும்போக நெல் முந்திய பெரும்போகத்தின் பாதியளவுக்கு வீழ்ந்தது. 2016-இல் ஏறத்தாழ 44 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி, 2017-இல் 24 இலட்சம் தொன்னை ஒட்டி வந்து நின்றது. அதற்கு எதிர்மாறாக, எல் நினோ நிலவிய 2023 இறுதியில் வடக்கிலும் கிழக்கிலும் பெருமழை. ஆகவே மற்ற நாட்டுச் செய்தியில் எல் நினோ என்ற சொல்லைப் பார்த்தவுடன் நம் வயலுக்கு வறட்சி என்று முடிவு கட்டாதீர்கள். எந்த மாதங்கள், எந்தப் போகம் என்று கேளுங்கள்.

இனிக் குளம். வறண்ட வலயத்தில் மழையைவிடக் குளத்தைப் பார்ப்பது எளிது, பல நேரம் பயனும் அதிகம். மழை பெய்து ஓடிவிடும். குளத்தில் நிற்கும் தண்ணீரை அளந்து சொல்லலாம். கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவில் 36 அடி. "இன்று 30 அடி" என்று செய்தி வந்தால், ஆறில் ஐந்து பங்கு தண்ணீர் இருக்கிறது என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. குளம் அடியில் ஒடுங்கி மேலே விரிந்தது. மேலே உள்ள ஓர் அடி பல சதுர மைல் பரப்பில் விரிந்த ஓர் அடி. கீழே உள்ள ஓர் அடி அதில் சிறு பங்குதான். அடியில் துருசுக்கு, அதாவது தண்ணீர் திறக்கும் மதகுக்கு, கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்கு வரவே வராது. எனவே அடிக்கணக்கைக் கேட்டால் உடனே ஏக்கர் அடிக்கணக்கையும் கேளுங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி ஆழம் நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி. சிறுபோகத்தில் ஓர் ஏக்கர் நெல்லுக்கு, வாய்க்காலில் போகும் இழப்பையும் சேர்த்து, நான்கு ஐந்து ஏக்கர் அடிக்குக் குறையாமல் வேண்டும். குடிநீருக்கு ஒதுக்குவதையும் வெயிலில் ஆவியாகப் போவதையும் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள். எத்தனை ஏக்கருக்குச் சிறுபோகம் செய்யலாம் என்பது கிடைத்துவிடும்.

இரணைமடுவுக்கு நீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. அது வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடி வருகிறது. ஆகவே குளம் நிரம்புமா என்று அறியப் பரந்தன் மழையைப் பார்க்க வேண்டாம். தெற்கே, ஆற்றின் நீரேந்து பகுதிகளில் என்ன பெய்தது என்று பாருங்கள். தொடக்கத்து மழையில் குளம் அதிகம் ஏறாது. காட்டு மண்ணும் மேலே உள்ள சிறுகுளங்களும் முதலில் குடித்துவிடும். அவை நிறைந்து வான் பாய, அதாவது வழிந்தோட, தொடங்கிய பிறகு பெய்யும் மழைதான் பெரிய குளத்துக்குக் கடகடவென்று வரும்.

குளத்துத் தண்ணீரை எப்படிச் செலவிடுவது என்பதைப் போகத்துக்கு முந்திய கூட்டம் தீர்மானிக்கிறது. அரசாங்க அதிபர் தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம், விவசாயத் திணைக்களம், கமக்காரர் அமைப்புகள் எல்லாம் கூடும். எத்தனை ஏக்கர், முதல் தண்ணீர் என்றைக்கு, விதைப்புக்குக் கடைசித் திகதி எது, எத்தனை மாத இனம், தண்ணீர் நிறுத்தும் நாள் எது, கால்நடைகளை வயலை விட்டு அகற்றும் நாள் எது என்று முடிவெடுப்பார்கள். தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆவணம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் திகதிகள் கையில் இருந்தால் முழுப் போகத்துக்கும் நாட்காட்டி போட்டுவிடலாம். மூன்றரை மாத நெல்லை ஒக்டோபர் நடுவில் விதைத்தால் டிசம்பர் கடைசியில் கதிர் வரும். ஜனவரி கடைசியில் அரிவி வெட்டு, அதாவது அறுவடை. மூன்று மாத இனம் என்றால் இரண்டு கிழமை முன்னே. விதைப்பு மூன்று கிழமை பிந்தினால் எல்லாம் மூன்று கிழமை தள்ளும். கடைசித் தண்ணீர் நாள் மட்டும் தள்ளாது. சிறுபோகத்தில் பலருடைய பயிர் கெடுவது இந்த இடத்தில்தான்.

கூட்டத்தில் எழுதிய முடிவு அப்படியே நடக்கும் என்றும் இல்லை. 2023 சிறுபோகத்தில் உடவளவை நீரை நம்பி விதைத்தவர்களின் வயல் வெடித்துக் கிடந்தபோது, மேலே சமனலவெவ நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மின்சாரத்துக்காக வைத்திருக்க வேண்டியதாயிற்று. விவசாயிகள் வீதியில் இறங்கினார்கள். ஓகஸ்டில் அமைச்சரவை மட்டத்தில் முடிவெடுத்துத்தான் தண்ணீர் திறக்கப்பட்டது. அந்தக் கிழமைகளில் மழைமானியையோ செய்மதியையோ எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தாலும் அந்தப் பயிரின் தலைவிதி தெரிந்திருக்காது.

செய்மதியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். உங்கள் குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டின் வேறுபாட்டை வைத்துச் செய்மதி பசுமைச் சுட்டி ஒன்றைக் கணிக்கிறது. பலரும் பார்க்கும் வரைபடங்களில் ஒரு புள்ளி 250 மீற்றர் சதுரம்; அதாவது ஏறத்தாழ 15 ஏக்கர். ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் வெளியிடும் பயிர் நெருக்கடி வரைபடத்தில் ஒரு புள்ளி ஒரு கிலோமீற்றர் சதுரம். அது ஏறத்தாழ 247 ஏக்கர். நாட்டளவில் வறட்சி எங்கே பரவுகிறது என்று பார்க்க அது மிக நல்ல கருவி. ஆனால் வன்னியில் 247 ஏக்கருக்குள் வயலும் இருக்கும், வடலியும் இருக்கும், காடும் இருக்கும், வீட்டுத் தோட்டமும் இருக்கும். ஒக்டோபரில் இரண்டு மழை பெய்தால் காடு உடனே பச்சை பிடித்துவிடும். வயலில் முளை கருகிக்கொண்டிருக்கும்போது புள்ளி பச்சையாகவே தெரியும். உங்கள் தம்பியின் சொல்லும் வரைபடமும் முரண்பட்டது இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஐரோப்பியச் செய்மதியான சென்டினல்-2 10 மீற்றர் வரை பிரித்துக் காட்டும். உங்கள் வயலின் வரம்புவரை தெரியும். படம் இலவசம். ஆனால் நமக்கு வேண்டிய நவம்பர், டிசம்பரில் வானம் முகிலால் மூடிக் கிடக்கும். பல கிழமைக்கு ஒரு தெளிந்த படம்கூட அகப்படாது. அதற்கு ராடார் செய்மதியான சென்டினல்-1 இருக்கிறது. முகிலை ஊடுருவிப் பார்க்கும். தண்ணீர் கட்டிய வயல் அதில் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுக்கும். சேற்று விதைப்பு எந்தக் கிழமையில் எவ்வளவு நடந்தது என்பதை இதைக் கொண்டு ஓரளவு துல்லியமாகச் சொல்லலாம். புழுதி விதைப்பில் அந்தக் கறுப்புக் கட்டம் வராது என்பதால், அதே முறையைப் போட்டால் "இங்கே நெல்லே விதைக்கவில்லை" என்று தவறான விடை வரும். மானாவாரி அதிகமுள்ள இடங்களில் இந்தத் தவறு எளிதில் நடக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. வரைபடங்கள் பெரும்பாலும் இந்தப் பத்து நாளை முந்திய ஆண்டுகளின் இதே பத்து நாளோடு ஒப்பிட்டு, கூடுதலா குறைவா என்று நிறம் கொடுக்கின்றன. விதைப்பு மூன்று கிழமை பிந்திய ஆண்டில், நவம்பர் கடைசியில் வரைபடம் முழுவதும் மண்ணிறமாக, பயிர் மோசம் என்பதுபோல் காட்டும். பயிர் மோசமில்லை, இளசு. அதே வயல்கள் பெப்ரவரியில் "சராசரிக்கு மேல் பசுமை" என்று காட்டும். மற்ற ஆண்டுகளில் அந்நேரம் அறுவடை முடிந்து வயல் வெறுமையாக இருந்திருக்கும். அந்தப் பச்சையைப் பார்த்து நல்ல விளைச்சல் என்று மகிழ்ந்தால் ஏமாற்றம்தான். பெப்ரவரியில் பச்சையாக நிற்கும் நெல், தண்ணீர் இல்லாத காலத்துக்குள் நுழைகிற நெல். ஆகவே ஒரே ஒரு படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் வயலுக்கு விதைப்பு நாளிலிருந்து ஒரு வரைகோடு போடுங்கள். அது எப்போது ஏறத் தொடங்கியது, எங்கே உச்சம் தொட்டது, எப்போது இறங்கியது என்று பாருங்கள். உச்சம் எவ்வளவு நாள் நிலைத்து நின்றது என்பது விளைச்சலோடு பெரிதும் தொடர்புடையது.

செய்மதிக்குத் தெரியாதவையும் உண்டு. பன்றி நெல்லும் கோரையும் நெல்லைப் போலவே பச்சை. கபில நிறத் தத்தி, ஊரில் அறக்கொட்டி என்பது, தண்ணீர் மட்டத்தை ஒட்டிய தண்டில் இருந்து சாறு குடிக்கும். வரம்பில் நின்று பார்ப்பவருக்குக்கூடத் தெரியாது. உள்ளே இறங்கி நெற்புதரை விலக்கிப் பார்க்க வேண்டும். வெளியே எரிந்ததுபோல் வட்டம் வட்டமாகத் தெரியும்போது, அந்த இடத்தில் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சியிருக்காது. நெருக்கமாக விதைத்து, யூரியாவை அளவுக்கு மீறிப் போட்டு, மருந்தை அடிக்கடி அடித்த வயல்களில்தான் அது அதிகம். ஜனவரிப் பனியும் மந்தாரமும் சேர்ந்தால் எரிபந்தம் என்ற பூஞ்சண நோய் வரும். 2018 இறுதியில் அம்பாறை, மொனராகலை, அநுராதபுரம் எங்கும் சோளத்தைத் தின்ற படைப்புழுவை முதலில் கண்டதும் வயலில் நின்ற மனிதர்களின் கண்கள்தான். இதனால்தான் விவசாயப் போதனாசிரியர் கிழமைக்கு ஒருமுறை வயலுக்குள் இறங்குவதற்கு மாற்று எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். அவர்களுடைய எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுச் செய்மதிக்குச் செலவழிப்பது தலைகீழான வேலை.

வானிலையே காரணமில்லாத வீழ்ச்சிக்கு 2021/22 பெரும்போகத்தைச் சொல்ல வேண்டும். மழை பொய்த்த ஆண்டு அல்ல. குளங்களில் தண்ணீர் இருந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பயிர் வயலில் நின்றது. யூரியா கையில் இல்லை. முந்திய பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன்னுக்கு மேல் வந்த நெல், அந்த முறை 19 இலட்சம் தொன்னை ஒட்டி நின்றது. மழைக்கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் போகத்தை நல்ல போகம் என்றே எழுதியிருப்பார்கள். போகம் தொடங்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகளில் உரமும் எரிபொருளும் இருக்க வேண்டும். இரண்டும் கமநல சேவை நிலையத்தில் கேட்டால் தெரியும்.

வெள்ளத்தைப் பற்றி: 2018 டிசம்பர் 21, 22 திகதிகளில் பெய்த மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வயல்கள் மூழ்கின. ஒக்டோபர் நடுவில் விதைத்த நெல் அப்போது கதிர் தண்டுக்குள்ளேயே இருக்கும் குடலைப் பருவத்தில் அல்லது கதிர் எட்டிப்பார்க்கும் பருவத்தில். அந்த வயதில் இரண்டு மூன்று நாள் முழுதாக மூழ்கினாலே பயிர் எழுந்தாலும் கதிர் பதராகும். அதே வெள்ளம் நவம்பர் தொடக்கத்தில், விதைத்து ஒரு கிழமையில் வந்தால் விதை அழுகும். ஆனால் மீண்டும் விதைக்கக் காலம் இருக்கும். 40 நாள் பயிராக இருந்து, இலைநுனி தண்ணீருக்கு மேல் நின்றால், வடிந்த பிறகு தேறிக்கொள்ளும். வெள்ளம் வடியுமுன்னே செய்திகளில் வரும் "பாதிக்கப்பட்ட ஏக்கர்" கணக்கு இந்த மூன்றையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறது. இரண்டு கிழமை கழித்து, எத்தனை ஏக்கர் முழு அழிவு, எத்தனை தேறியது என்று மீண்டும் கேட்க வேண்டும். அப்போது செய்தியாளர் எவரும் அங்கே இருக்கமாட்டார். தம்பியிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பூக்கும் நேரத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். நெற்பூ காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகலுக்குள் திறந்து மூடிவிடும். அந்த நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது. இது சிறுபோகத்தில், ஜூலையில் வறண்ட காற்று வீசும்போது வரும் சிக்கல். பெரும்போகத்தில் அதற்கு மாறாக, பூக்கும் கிழமையில் விடாமல் பெய்யும் மழையும் மந்தாரமும்தான் சிக்கல். இரண்டிலும் வயல் பச்சையாகவே இருக்கும், கதிரும் இருக்கும், கையில் எடுத்து நசுக்கினால்தான் பதர் தெரியும்.

தோட்டப் பயிர்களுக்கு இந்த முறை அப்படியே செல்லாது. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம் கிணற்று நீரில் வளர்வது. அங்கே கிணற்று நீர்மட்டத்தையும், பருவம் தப்பிப் பெய்யும் மழையையும் பாருங்கள். தென்னையோ பொறுமையாகக் கணக்குத் தீர்க்கும் மரம். பாளை விரிந்ததிலிருந்து தேங்காய் முற்ற ஏறத்தாழ ஓர் ஆண்டு. இந்தக் கோடையின் வறட்சி அடுத்த ஆண்டு விலையில்தான் தெரியும்.

கடைசியாக விளைச்சல் எண்கள். மூன்று ஏக்கர்க் கணக்குகள் உலவுகின்றன: கூட்டத்தில் திட்டமிட்டது, உண்மையில் விதைத்தது, அறுவடை செய்தது. வறட்சி ஆண்டில் மூன்றுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். எது என்று குறிப்பிடாத எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மாதிரி வயல்களில் குறித்த அளவு இடத்தை அறுத்து, அடித்து, நிறுத்து எடுக்கும் கணக்கு வருவதற்கு மாதங்கள் ஆகும். ஆனால் நம்பத்தக்கது அதுவே. அதற்கு முன் வருவதெல்லாம் மதிப்பீடு.

அந்த மாதங்களுக்குள் தம்பியிடம் கேட்க வேண்டியது ஏக்கருக்கு எத்தனை புசல் என்பதை மட்டுமல்ல, எந்த ஈரத்தில் விற்றார் என்பதையும். ஒரு புசல் நெல் 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நெல் சந்தைப்படுத்தும் சபை உலர்ந்த நெல் என்று கொள்வது 14 வீத ஈரப்பதத்துக்கு மேற்படாத நெல்லைத்தான். ஜனவரி கடைசியிலும் பெப்ரவரியிலும் அரிவி வெட்டு நேரத்தில் மழை வந்தால் அறுவடை இயந்திரம் வயலில் புதையும், சாய்ந்த கதிர் முளைவிடும், வெட்டிய நெல்லை உலர்த்த வீதியோரம்கூடக் கிடைக்காது. தனியார் வியாபாரி சொல்லும் விலைக்கு ஈர நெல்லாகவே ஏற்ற வேண்டிவரும். ஆகவே இந்த ஆண்டுக்கு இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தம்பியின் விதைப்பு நாளையும் இனத்தையும் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, அரிவி வெட்டுக்கு முந்திய பத்து நாளில் திணைக்களத்தின் நாளாந்த எதிர்வுகூறலைத் தவறாமல் பார்த்துச் சொல்லுங்கள். இயந்திரத்துக்கு எந்த நாளில் சொல்லிவைப்பது என்பதை அவர் அதைக் கொண்டு தீர்மானிக்கலாம்.